புழுக்காரி டைரி

"அங்கயே நில்லுங்க" என்றாள் கோகிலவாணி.

வெங்கடாசலம் ஒரு காலை ஷெட்டுக்குள்ளும் இன்னொரு காலை வெளியிலுமாக வைத்து நின்றான். புதிதாக வெட்டிய தலை. பிடரியில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. கன்னத்தில் சவரம் செய்த பிறகு தடவிய லோஷன் வாசனை அவனுக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டி வந்துவிட்டது. கோகிலவாணி கையிலிருந்த மல்பெரித் தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வாசல் வலையை இழுத்து மூடினாள். அவன் மூக்குக்கும் வலைக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருந்தது.

அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பெண்கள் பூ வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போவதில்லை. கொசுவத்தி இல்லை, சாம்பிராணி இல்லை, பீடி பிடித்தவன் பக்கத்தில்கூட வரக்கூடாது. அதிலும் இப்போது தட்டுகளில் கிடப்பவை நாலாவது தோலையும் உரித்துவிட்டு எழுந்த புழுக்கள். விரல் பருமன் ஆகிவிட்டன. இரண்டொரு நாளில் கூடு கட்டப் போகிறவை. இந்த நேரத்தில் ஆகாத வாசனை ஒன்று பட்டால் தலையைத் தூக்கியபடி தழையைத் தொடாமல் கிடக்கும். அப்படிக் கிடந்ததை அப்புறம் தேற்ற முடியாது. இதையெல்லாம் கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"குளிச்சிட்டு, துணி மாத்திட்டு வாங்க. தலைக்கும் ஊத்திக்கங்க."

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். போன வாரத் திங்கட்கிழமையிலிருந்து அவளோடு பேசுவதில்லை என்று இருக்கிறவன், பவுடருக்காக அதை உடைக்க விரும்பவில்லை போல. திரும்பித் தொட்டிப் பக்கம் நடந்தான். சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஊற்றினான். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இந்த மனுஷன் வேறு தொழில் பார்த்திருக்க வேண்டும். இதில் புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொண்டு இருக்கவே முடியாது. ஒருவர் தழையை வெட்டினால் ஒருவர் பரப்ப வேண்டும். புழுப் படுக்கையைச் சுத்தம் செய்ய, புழு ஏறிய வலையை அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரே சமயத்தில் தூக்காவிட்டால் புழு சரிந்துவிடும். கடந்த சில நாட்களாக அவன் "ம்" என்று ஒரு சத்தம் கொடுக்கிறான். அந்த "ம்"முக்கு இருவரும் தூக்குகிறார்கள். ஊரில் வேறு யார் வீட்டுச் சண்டையும் இவ்வளவு ஒத்துழைப்போடு நடந்திருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் அதை எழுதலாமே என்று தோன்றியது. தோன்றியதும் கை தானாகவே நின்றது.

எழுதியதால் வந்த சண்டைதான் இது.

அவளுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருந்தது. பெயர் 'புழுக்காரி டைரி'. மகள் கவிப்பிரியா கோயமுத்தூருக்குப் படிக்கப் போன வருஷம், ஒரு வேளைத் தழைக்கும் அடுத்த வேளைத் தழைக்கும் நடுவில் கிடக்கிற நேரம் திடீரென்று நீளமாகிப் போனது. ஷெட்டுக்கு வெளியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செல்போனில் தட்டத் தொடங்கினாள். அன்றைக்கு என்ன நடந்ததோ அதுதான். கூடு என்ன விலைக்குப் போனது, எதிர்வீட்டு ஆடு மல்பெரியில் புகுந்தது, மாமியார் சீரியலில் வருகிற மாமியாரைப் பார்த்து "இவளெல்லாம் ஒரு பொம்பளயா" என்று திட்டியது, புதுப்படத்தில் கதாநாயகி புல்லுக்கட்டு சுமந்துகொண்டு வருகிறாள், அவள் கழுத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை, அந்தப் புல் எந்த ஊர்ப் புல் என்று விசாரித்துச் சொல்லுங்கள், எங்கள் ஊரிலும் விதைக்கிறோம் என்பது. முதலில் சொந்தக்காரர்கள் நாலு பேர் படித்தார்கள். பிறகு முகம் தெரியாத பெண்கள் வந்தார்கள். துபாயிலிருந்து ஒருத்தி, பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிற ஒருத்தி, ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கிற ஒருத்தி. "அக்கா, இன்னிக்கு ஏன் போடல?" என்று கேட்டார்கள். தான் நன்றாக எழுதுகிறோம் என்பது கோகிலவாணிக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. கொத்தைக் கையில் எடுத்ததும் இது முற்றிய தழையா, பதமான தழையா என்று தெரிகிற மாதிரி ஒரு வாக்கியத்தை எழுதி முடித்ததும் தெரிந்துவிடும்.

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டிவியில் பாட்டுப் போட்டி. ஒரு பெண் பாடி ஜெயித்தாள். லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற அவள் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு மேடை ஏறினார். அரங்கமே அழுதது. கோகிலவாணி தற்செயலாகத் திரும்பியபோது வெங்கடாசலம் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லை. கன்னத்தில் இறங்கி மீசையில் நின்றது. அவன் துடைக்கக்கூட இல்லை. அவள் திரையை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத முகம். மறுநாள் காலையில் கல்லில் உட்கார்ந்து எழுதினாள்.

'எங்கள் வீட்டுக்காரர் ஆறடி. அறுத்த மரத்தைத் தனியாளாகத் தோளில் வைப்பார். நேற்று பாட்டுப் போட்டி பார்த்து அழுதார். மாமனார் இறந்தபோது இவர் கண்ணில் ஒரு பொட்டு நீர் வரவில்லை. பந்தலுக்கு ஆள் பார்த்தார், பாடைக்கு மூங்கில் வெட்டினார், வந்தவர்களுக்கு டீ சொன்னார். சொந்த அப்பாவுக்கு அழாத மனுஷன் யாரோ ஒருத்தியின் அப்பாவுக்கு அழுதார். ஆண்கள் அழுகையைக்கூட அடுத்தவர் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள்.'

கடைசி வரி வந்ததும் அவளுக்குள் அந்தப் பதம் தெரிந்தது. போட்டாள். அதுவரை அவள் எழுதிய எதையும் யாரும் அப்படிப் பகிர்ந்ததில்லை. 'என் அப்பாவும் இப்படித்தான்', 'என் அண்ணனும் இப்படித்தான்' என்று பெண்கள் வந்து பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒருத்தி தன் புருஷனுக்கு வாசித்துக் காட்டியதாகவும் அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டதாகவும் எழுதியிருந்தாள்.

அன்றைக்கே முனிராஜ் தன் பட்டுக்கூட்டைத் தருமபுரி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனான். கோகிலவாணியின் சித்தப்பா மகன். பக்கத்துக் காட்டுக்காரன். மூட்டை இறக்க ஒத்தாசையாக மாமா வெங்கடாசலத்தையும் அழைத்துப் போயிருந்தான். ஏலத்துக்குக் காத்திருந்த இடத்தில் யாரோ செல்போனில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். வாசித்தவனுக்கு ஆள் இங்கேயே நிற்கிறது என்று தெரியாது. முனிராஜுக்குத் தெரியும். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்க மாமாதானுங்க அது! மாமா, கர்ச்சீப் வேணுமா?" என்றுவிட்டான்.

வெங்கடாசலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அத எடுத்துடு."

"எத?"

"உனக்குத் தெரியாதா?"

"கேலியா ஒண்ணும் எழுதலங்க. படிச்சுப் பாத்தீங்களா? எல்லாரும் உங்கள நல்ல மனுசன்னுதான் சொல்லியிருக்கறாங்க."

"எவளோ நல்லவன்னு சொல்லித்தான் நான் நல்லவன் ஆவணுமா?"

"எடுக்க மாட்டேன்" என்றாள் கோகிலவாணி. கோபமாகச் சொல்லவில்லை. உலை கொதித்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். ஒருவர் முகம் சுளித்தார் என்று ஒன்றை எடுத்தால், அப்புறம் மாமியார் சுளிப்பார், எதிர்வீடு சுளிக்கும். கடைசியில் எழுதுவதற்கு ஆடு மட்டும்தான் மிஞ்சும். அவளுக்கென்று இந்த வீட்டில் இருப்பது அந்த ஃபேஸ்புக் பக்கம் ஒன்றுதான். தாலி அவன் கட்டியது, நிலம் மாமனார் பெயரில் இருந்தது, புழு இருவருக்கும் பொது. அது மட்டும் அவள் தானே உண்டாக்கியது.

"சரி" என்றான் அவன். அத்தோடு பேச்சு நின்றது.

கவிப்பிரியா போனில் விசாரித்தாள். "நல்லாத்தாம்மா எழுதியிருக்கற. என் ஃபிரெண்ட்ஸெல்லாம் படிச்சாங்க. ஆனா அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்ருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவாரு."

"அதான்மா" என்றாள் மகள்.

பேசாமல் இருந்ததை கோகிலவாணி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு வரும். அவளைத் தைத்தது வேறொன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டி தொடங்கியதும் அவன் எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போனான். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் பழைய நகைச்சுவைக் காட்சி ஒன்று ஓடியது. எத்தனை தடவை பார்த்தாலும் தொடையைத் தட்டிச் சிரிப்பான், மாமியார் உள்ளேயிருந்து "என்னாடா ஆச்சு" என்று கேட்பாள். அன்றைக்கு அவன் ஆதார் கார்டுக்குப் படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். சிரிப்பு வருகிற இடத்தில் தாடை மட்டும் லேசாக அசைந்தது. அடக்கிக்கொண்டான். அவள் தன்னைப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் ஒரு முறை பார்த்தான்.

அந்தப் பார்வையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ஷெட்டில் தழை பரப்பும்போதும், கிளைகளின் மேல் ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே சமயத்தில் அறுத்துத் தின்னும் சத்தத்துக்கு நடுவிலும் அது வந்து நின்றது. தன்னைப் பார்த்து யாரும் முகத்தைச் சரி செய்துகொண்டதில்லை. தன் முன்னால் எல்லாரும் இருக்கிற மாதிரி இருப்பார்கள், அதனால்தான் தனக்கு எழுத வருகிறது என்பது அவளுடைய பெருமையாக இருந்தது. இப்போது இந்த வீட்டில் ஒருவன் அவள் முன்னால் முகத்தைப் பூட்டிக்கொண்டு நடமாடுகிறான். பதிவை எடுத்துவிடலாம், ஒரு விரலால் தொட்டால் போதும். ஆனால் எடுத்தால் அந்த முகம் திரும்பி வந்துவிடுமா? அவளுக்குத் தெரியவில்லை. வராது என்றுதான் தோன்றியது. எடுத்தவள் மறுபடி எழுத மாட்டாள் என்று அவன் எதை வைத்து நம்புவான்?

பவுடரைக் கழுவிவிட்டு, ஈரத்தலையோடு பழைய லுங்கியில் வந்தான். கையைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைத்து, காலைச் சுண்ணாம்பில் மிதித்து உள்ளே நுழைந்தான். அவளைத் தாண்டும்போது தலையை லேசாகக் குனிந்து காட்டினான். மோந்து பார்த்துக்கொள் என்பதுபோல. அவள் மோந்து பார்த்தாள். சோப்புகூடப் போடவில்லை. "ம்" என்றாள் அவள். வலையைத் தூக்கினார்கள்.

ஒரு நாள் விட்டு, விடிந்ததும் புழு பழுத்துவிட்டது. வெள்ளையாக இருந்த உடம்பு உள்ளே விளக்கு வைத்ததுபோல மஞ்சளாகத் தெரியும். தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்து இடம் தேடும். அப்போதே ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நெட்ரிகா என்கிற பிளாஸ்டிக் மடிப்பு வலைமேல் விட்டாக வேண்டும். தாமதித்தால் கண்ட இடத்தில் நூலை விட்டு வீணாக்கிவிடும். அந்த நாளில் ஊரில் யாரும் கூலிக்கு ஆள் தேடுவதில்லை. உன் வீட்டில் பழுத்தால் நான், என் வீட்டில் பழுத்தால் நீ. முனிராஜும் அவன் மனைவி மணிமேகலையும் காலைக் கஞ்சிகூடக் குடிக்காமல் வந்துவிட்டார்கள்.

"மாமா, புழு பழுத்துருச்சேன்னு அழுதுறாதீங்க" என்றான் முனிராஜ் நுழையும்போதே. "ஈரம் பட்டா கூடு கறையாயிரும்."

"டேய், வாய்க்குள்ள ரெண்டு புழுவ வுட்டன்னா நூலு கட்டி அடைச்சுப்புடும்" என்றாள் கோகிலவாணி.

"நீதானக்கா எழுதன. நான் படிக்கத்தான செஞ்சன்."

மணிமேகலை அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வெங்கடாசலம் எதையும் கேட்காதவன் மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தான். வேலை சூடு பிடித்தது. பழுத்த புழு குளிர்ந்திருக்கும், மெத்தென்றிருக்கும். கூடு கட்டும் முன் உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் விட்டுவிடும். உள்ளங்கை நனைந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியபோது கையில் இருந்த நெட்ரிகாக்கள் தீர்ந்தன. முனிராஜும் மணிமேகலையும் தங்கள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவரப் போனார்கள்.

ஒரே தட்டின் இரண்டு பக்கமும் அவர்கள் இருவரும் மட்டும் நின்றார்கள்.

"எடுத்துட்டயா?" என்றான் வெங்கடாசலம், புழுவைப் பார்த்தபடி.

"இல்ல."

"எடுக்க வேணாம்."

கோகிலவாணி நிமிர்ந்தாள்.

"எனக்குக் கோவம் நீ எழுதனதுக்குக்கூட இல்ல. அவன் கர்ச்சீப் வேணுமாங்கறான், இவன் துண்டு வேணுமாங்கறான், நாலு நாளைக்குச் சிரிச்சிட்டுப் போறானுங்க. தப்பா எழுதிட்ட. அதான்."

"என்னா தப்பு? உங்கப்பாவுக்கு நீங்க அழுவலதான?"

"அழுவல. அது நெசந்தான். எனக்கு வரல, அவ்ளோதான். அத ஊருக்குச் சொன்ன, சரி." ஒரு புழுவை எடுத்து வலையில் விட்டான். "ஆனா அன்னிக்கு அழுதது அந்தப் பொண்ணோட அப்பனப் பாத்து இல்ல."

"பின்ன?"

"ஓரமா ஒருத்தி நின்னாளே. தோத்த புள்ள. பச்சத் தாவணி."

கோகிலவாணிக்குப் பச்சைத் தாவணி நினைவுக்கு வரவில்லை. அந்த நேரம் அவள் திரையைப் பார்க்கவே இல்லை. இவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சவ அவங்கப்பனக் கட்டிப் புடிச்சிக்கிறா. எல்லாரும் அழறாங்க. இந்தப் புள்ள மட்டும் ஓரமா நின்னு கை தட்டறா. எல்லாரையும்விட சத்தமா. வாய் நெறயா சிரிப்பு. மத்தவங்கல்லாம் நிறுத்திட்டாங்க, இவ மட்டும் கைய எறக்கவே இல்ல." அவன் குரல் இயல்பாகத்தான் இருந்தது. "நிர்மலாவுக்கு வேலை வந்த அன்னிக்கு உங்கப்பா வூட்ல நீ அப்பிடித்தான் நின்ன."

நிர்மலா அவள் தங்கை. இருவரும் ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதினார்கள். நிர்மலாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவளே கோகிலவாணிதான். தங்கைக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆர்டர் வந்த அன்றைக்கு அப்பா வீட்டில் தெருவே கூடியிருந்தது. கோகிலவாணிதான் கேசரி கிண்டினாள், கோகிலவாணிதான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள், நிர்மலா அப்பா காலில் விழுந்து எழுந்தபோது கோகிலவாணிதான் கை தட்டினாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். புது மாப்பிள்ளை கதவோரம் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். அவனிடம் அவள் அப்போது சேர்ந்தாற்போல நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அந்த நாளைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, எங்கேயும் எழுதியதில்லை. எழுத ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தாள். தங்கைக்கு வேலை கிடைத்தது, அக்காவுக்குச் சந்தோஷம். அப்படித்தான் தனக்கே சொல்லி வைத்திருந்தாள்.

"நான் சிரிச்சிட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

"அவளும் சிரிச்சிட்டுத்தான இருந்தா."

இத்தனை வருஷமாகத் தான் பார்க்கிறவள், மற்றவர்கள் பார்க்கப்படுகிறவர்கள் என்று அவள் இருந்திருக்கிறாள். கதவோரம் டம்ளரோடு நின்ற ஒருவன் அன்றைக்கே பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லாமல், ஒரு வாக்கியமாகக்கூட ஆக்காமல், அப்படியே வைத்திருந்திருக்கிறான். அது ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டியில் அவிழ்ந்திருக்கிறது. அதைத்தான் அவள் முகவரி மாற்றி எழுதினாள்.

"ஏங்க அன்னிக்கே சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீ கேசரி குடுத்த. நல்லா இருந்துச்சு, தின்னன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் வேறு எங்கோ போயிற்று. கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையிலும் புழு இருந்தது, துடைக்க முடியவில்லை. துடைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. முகம் என்ன ஆகிறதோ ஆகட்டும் என்று விட்டுவிட்டு, நெட்ரிகாவின் மடிப்புகளில் ஒவ்வொரு புழுவாக விட்டாள். வெங்கடாசலம் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். உடனே பார்வையைத் தட்டுக்குத் திருப்பிக்கொண்டு, "அந்த மூலைல நெறயா ஏறிக் கெடக்குது பாரு" என்றான்.

வாசலில் சுண்ணாம்பை மிதிக்கிற சத்தம் கேட்டது. நெட்ரிகாக்களைத் தலையில் வைத்துக்கொண்டு முனிராஜ் வலைக்கு வெளியே நின்றான். "என்னா பேச்சுச் சத்தம் கேக்குது? கூட்டணி சேந்தாச்சா? அக்கா, கண்ணுல என்னா?"

"சுண்ணாம்பு" என்றான் வெங்கடாசலம். "கைய நனைச்சிட்டு உள்ள வா."

அந்த வரியை மாற்ற வேண்டும் என்பது கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது. ஊரே பாராட்டிய அந்தக் கடைசி வரி. அது போக வேண்டும், அதற்காகப் பதிவு போக வேண்டியதில்லை. எடுத்த இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. அவன் சொன்னதை எழுதலாமா, எழுதுவதென்றால் கேட்க வேண்டுமா, கேட்டால் என்ன சொல்வான். தெரியாமல் இருப்பது பயமாக இல்லை. கல்லில் உட்கார்ந்தால் வரும், இல்லை நாளைக்கு வரும்.

அவள் முன்னால் இருந்த வலையில், காலையில் முதலில் ஏற்றிவிட்ட புழுக்களில் ஒன்று மடிப்பின் இரு சுவர்களுக்கு நடுவில் இடம் பிடித்துவிட்டிருந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி நூலை விட்டுக்கொண்டிருந்தது. நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வலை வழியாக வந்த வெயில் பட்டபோது மட்டும் அதைச் சுற்றி மெல்லிய ஒரு பளபளப்பு. அதற்குள் புழு இன்னும் முழுதாகத் தெரிந்தது. தலை அசைந்துகொண்டே இருந்தது.